மெய்ப்பாட்டியலும் ஒரு டென்னிஸ் நோட்டும்

தமிழ் படித்தவனுக்கு டென்னிஸ் ஆடுகளத்தில் என்ன வேலை என்று என்னைக் கேட்காதவர்கள் மிகச் சிலரே. எம்.ஏ. படித்த நாள்களில் எங்கள் விடுதிக்கு எதிரே ஒரு செம்மண் ஆடுகளம் இருந்தது. மாலையில் பேராசிரியர்கள் இருவரும் வங்கி அதிகாரிகள் இருவரும் அங்கே ஆடுவார்கள். காலையில் கலித்தொகையை உருகி உருகி நடத்திய பேராசிரியர், மாலையில் அரைக்கால்சட்டையோடு நின்று, கோட்டில் விழுந்த பந்து ஒன்றுக்காக வங்கி மேலாளரோடு மல்லுக்கட்டுவதை வேடிக்கை பார்க்கப் போனவன் நான். ஆள் குறைந்த ஒரு நாளில் மட்டையைக் கையில் கொடுத்தார்கள். அதன் பிறகு கீழே வைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் என் ஆட்டம் கிளப் அளவிலான இரட்டையர் ஆட்டத்தைத் தாண்டவில்லை. இனித் தாண்டவும் தாண்டாது. ஆனால் பிறர் ஆட்டத்தைப் பார்க்கத் தெரியும் என்று சொல்லிக்கொள்வேன். கவிதை எழுதாதவன் கவிதை விமரிசனம் செய்வது போலத்தான் இதுவும். (அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் அதில்தான் இருக்கிறேன்.)

இதை நம்பித்தான் 2024 கோடையில் அத்தான் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். அக்காள் மகளுக்கு அப்போது 13 வயது. எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். ஏழு வயதிலிருந்து பாளையங்கோட்டையில் ஒரு பழைய கிளப்பில் ஆடுகிறாள். மாவட்ட அளவில் வென்ற இரண்டு மூன்று கோப்பைகள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன. வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனால் முதல் சுற்று, மிஞ்சினால் இரண்டாம் சுற்று. அதற்கு மேல் நகரவில்லை. டென்னிஸோ கைக்காசைத் தின்னும் ஆட்டம். பந்து வாங்கி மாளாது. ஸ்டிரிங் அறுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு போட்டிக்கும் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ இரண்டு பேருக்கு ரயில் சீட்டு, லாட்ஜ் அறை, அத்தானுக்கு அலுவலக விடுப்பு. இரண்டு ஆண்டுகளில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வேறு வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மகள் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, நீங்கதான் பாத்துச் சொல்லணும். புள்ள தேறுவாளா, மாட்டாளா? தேறமாட்டான்னா இப்பவே நிறுத்திருவோம். அவளும் ரொம்ப வாடமாட்டா."

"வாடாம இருப்பாளாக்கும்" என்று அக்காள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

தேறுதல் என்ற சொல்லை நாம் தேர்வு முடிவு வருகிற நாளோடு சேர்த்துக் குறுக்கிவிட்டோம். பழந்தமிழில் அது ஒருவரை ஆராய்ந்து, தெளிந்து, நம்புவது. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஒருவரிடம் உள்ள நல்லதைத் தனியே, அல்லதைத் தனியே பார்த்து, எது மிகுந்திருக்கிறது என்று காணச் சொல்வது அந்த அதிகாரத்தில்தான் வருகிறது. அதாவது, எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். அத்தான் கேட்ட கேள்விக்கு ஜோசியர்தான் பதில் சொல்ல முடியும். ஆனால் எண்ணிப் பார்க்க யாராலும் முடியும். ஒரு மாதம் அவகாசம் கேட்டேன்.

முதல் வாரம் கிளப்புக்குப் போய்ச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய ஃபோர்ஹேண்ட் அழகானது. அழகு என்ற சொல்லை யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன். தோள் முதலில் திரும்பும். மட்டை பின்னால் போய்த் தாழ்ந்து எழும். பந்தை உடலுக்கு முன்னாலேயே சந்தித்துவிடுவாள். அடித்து முடித்ததும் மட்டை இடத்தோளைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கும்போது, சுற்றி இருப்பவர்கள் ஆடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பேக்ஹேண்ட் இரு கைப் பிடி. கால்கள் தாமதமாக வரும். பந்து ஆழமாகப் போகாமல் நடுவிலேயே விழும். ஆகவே கிளப்பில் எல்லோரும் ஒரே குரலில் "பேக்ஹேண்டுதான் வீக்கு" என்றார்கள். ஆறு மாதமாக அந்தப் பேக்ஹேண்டுக்குத்தான் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

கிளப்பின் மார்க்கர் அண்ணாச்சி மட்டும் எதுவும் சொல்லவில்லை. மார்க்கர் என்ற சொல் இன்றைய அகாடமிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பழைய கிளப்புகளில் உறுப்பினருக்கு எதிராளி கிடைக்காதபோது எதிரே நின்று ஆடவும், களத்துக்குத் தண்ணீர் தெளித்து உருளை உருட்டிக் கோடு போடவும் சம்பளத்துக்கு இருப்பவர் மார்க்கர். பெரும்பாலும் பந்து பொறுக்கும் பையனாக உள்ளே வந்து, பார்த்துப் பார்த்தே கற்றவராக இருப்பார். எங்கள் அண்ணாச்சிக்கு அறுபதை ஒட்டிய வயது. நாகர்கோவிலில் பிறந்து 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதிவரை போன ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றி, தனக்கு முன்பிருந்த மார்க்கரிடம் கேட்ட கதைகளைத் தான் நேரில் கண்டது போலவே சொல்வார். "எதிராளிய அடிச்சா ஜெயிச்சாரு? அவன ஓட விட்டுல்லா ஜெயிச்சாரு" என்பது அவருடைய ஒற்றை வரி விமரிசனம். எங்கள் பெண்ணைப் பற்றிக் கேட்டபோது, "நல்லா அடிக்கா சார். ஆடத்தான் இல்ல" என்றார். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் உருளையைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

நான் ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன். ஒரு புள்ளிக்கு ஒரு வரி. சர்வீஸ் யாருடையது, முதல் சர்வீஸா இரண்டாவதா, பந்து எத்தனை முறை வலையைத் தாண்டியது, கடைசி அடி யாருடையது, எந்தப் பக்க அடி, எங்கே போய் விழுந்தது. பென்சிலால் குறுக்கெழுத்துப் போட்டி போல நிரப்பிக்கொண்டே போக வேண்டும். இது என் கண்டுபிடிப்பு அல்ல. பெரும்பாலான புள்ளிகள் எதிராளியின் திறமையால் அல்ல, நம்முடைய பிழையால்தான் முடிகின்றன என்பதை அமெரிக்க ஆட்டக்காரர் பில் டில்டன் 1920களிலேயே வற்புறுத்தி எழுதினார். 2024 ஜூனில் ரோஜர் ஃபெடரர் ஒரு பட்டமளிப்பு விழாவில் தன் கணக்கைச் சொன்னார்: 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு வென்றவர், மொத்தப் புள்ளிகளில் வென்றது 54 விழுக்காடுதான். அவருக்கே அப்படியென்றால் பாளையங்கோட்டைப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூறு புள்ளிகளில் நாலைந்து இந்தப் பக்கம் சாய்ந்தால் முதல் சுற்று இரண்டாம் சுற்றாகிவிடும். அந்த நாலைந்து எவை என்று கண்டுபிடிப்பதுதான் மதிப்பீடு. மற்றவை எல்லாம் ரசனை.

ஜூன் மாதம் மதுரையில் 14 வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்று. இந்த அளவிலான போட்டிகளின் முதல் சுற்றுகளுக்கு நடுவர் உட்கார மாட்டார். தன் பக்கத்தில் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று அந்தந்தப் பெண்ணே சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதில் தனக்கு எதிராகத் தானே தீர்ப்புச் சொல்லக் கற்றுக்கொள்ளும் வேறொரு இடம் எனக்குத் தெரியவில்லை. வேலிக்கு வெளியே பெற்றோர்கள். பாதிப் பேர் கைபேசியில் இருந்தார்கள். மீதிப் பேர் கம்பிவலையைப் பற்றிக்கொண்டு நின்றார்கள். அத்தான் இரண்டாம் வகை.

3-6, 4-6 என்று தோற்றாள். இரவு லாட்ஜில் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 112 புள்ளிகள். அவள் வென்றவை 52, எதிராளி வென்றவை 60. அந்த 60-இல் எதிராளி உண்மையிலேயே அடித்து வென்றவை 11. டபுள் ஃபால்ட் 9. மிச்சம் 40-உம் இவளுடைய பிழைகள். அவற்றில் பேக்ஹேண்ட் பிழை 9. ஃபோர்ஹேண்ட் பிழை 24.

ஊரே பாராட்டிய அடி, ஊரே திட்டிய அடியைப் போல இரண்டரை மடங்கு புள்ளிகளை இழந்திருந்தது. இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பெழுதக் கூடாது. பேக்ஹேண்ட் மூலைக்கு வரும் பந்தைக்கூடச் சுற்றி ஓடி ஃபோர்ஹேண்டில்தான் அடிக்கிறாள். அதிகம் உழைக்கிற கை அதிகம் தவறத்தான் செய்யும். அவள் வென்ற புள்ளிகளிலும் பெரும்பகுதி அதே அடியால் வந்தவைதான். ஆகவே 24-ஐயும் மறுபடி பிரித்தேன். 15 பிழைகள் ஒரே வகை. பேஸ்லைனுக்குப் பின்னால் ஓரடி ஈரடி தள்ளி நின்றுகொண்டு, மூலைக்கு மூலை போய்வந்துகொண்டிருந்த பந்தைத் திடீரென்று நேர்கோட்டில், ஓரக் கோட்டை ஒட்டி அடிக்க முயன்றவை.

டென்னிஸ் களத்தின் அளவுகளைத் தெரிந்தவர்களுக்கு இது ஏன் தவறுகிறது என்று விளங்கும். வலையின் உயரம் நடுவில் மூன்றடி. இரு புறக் கம்பங்களில் மூன்றரை அடி. களத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் களத்தை மூலைக்கு மூலை அளந்தால் 82 அடிக்கு மேல். கோணமாக அடிக்கிற பந்து தாழ்ந்த வலையைத் தாண்டி நீண்ட இடத்தில் விழுகிறது. நேராக அடிக்கிற பந்து உயர்ந்த வலையைத் தாண்டிக் குட்டையான இடத்தில் விழ வேண்டும். போதாததற்கு, கோணமாக வந்த பந்தை நேராகத் திருப்பும்போது மட்டையின் முகம் ஒரு நூல் பிசகினாலும் பந்து ஓரக் கோட்டுக்கு வெளியே ஒதுங்கிவிடும். எதிராளி குட்டையாக ஒரு பந்து போட்டு, நாம் களத்துக்குள் ஓரெட்டு வைத்து அடிக்கும்போது இதே அடி உத்தமமான அடி. பின்னால் நின்று அடித்தால் சூதாட்டம். அண்ணாச்சி சொன்ன 'அடிக்கா, ஆடல' என்பதற்கு உரை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

டபுள் ஃபால்ட் ஒன்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது சர்வீஸுக்கு அவள் மட்டையைத் தோசைத் திருப்பியைப் பிடிப்பது போலப் பிடித்தாள். சிறுபிள்ளைகள் எல்லோரும் இயல்பாக அப்படித்தான் பிடிப்பார்கள். மட்டையின் முகம் நேராகப் பந்தைப் பார்க்கும், சுழற்சி ஏறாது. சுழற்சி இல்லாத பந்தைக் கட்டத்துக்குள் இறக்கப் புவியீர்ப்பு ஒன்றுதான் துணை. ஆகவே மெல்லத் தள்ள வேண்டும். தள்ளினால் எதிராளி ஏறி வந்து அடிக்கிறாள். அடிப்பாளே என்று கொஞ்சம் வேகம் கூட்டினால் வெளியே போகிறது. சுத்தியலைப் பிடிப்பது போல மட்டையைப் பிடித்து, பந்தின் பின்புறத்தைக் கீழிருந்து மேலாகத் தேய்த்து விட்டால், பந்து வலைக்கு மேலே நன்றாக உயர்ந்து போய்ச் சட்டென்று குனிந்து கட்டத்துக்குள் விழும். வேகம் குறைவாக இருப்பது குற்றமே இல்லை. ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷின் சர்வீஸ் மென்மைக்குப் பெயர் போனது. அந்தச் சர்வீஸோடுதான் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய உலக முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார்.

பிடியை மாற்றுவது எழுதுகிற கையை மாற்றுவது போல. முதல் இரண்டு வாரம் பந்துகள் வேலியில் போய் மோதின. ஒன்று கிளப் சமையற்கட்டுக்குள் விழுந்தது. கூடை நிறையப் பழைய பந்துகளை வைத்துக்கொண்டு தினமும் காலையில் 60 சர்வீஸ். கட்டத்துக்குள் விழுந்ததா என்று பார்க்கக் கூடாது, பந்து சுழன்றதா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. மாலையில் ராலிப் பயிற்சி. அண்ணாச்சி வலைக் கம்பங்களில் இரண்டு மூங்கில்களைக் கட்டி, வலைக்கு மேலே மூன்றடி உயரத்தில் துணி காயப்போடும் கொடிக்கயிறு ஒன்றை இழுத்துவிட்டார். பந்து கயிற்றுக்கு மேலே போக வேண்டும். கோணமாகப் போக வேண்டும். சர்வீஸ் கட்டத்தைத் தாண்டி விழ வேண்டும். வேகம் பற்றிப் பேச்சே இல்லை. முதல் நாள் ஏழெட்டுக்கு மேல் தொடரவில்லை. ஜூலைக் கடைசியில் 30 அடித்தாள். பேக்ஹேண்ட் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கயிற்றுக்கு மேலே போக வேண்டும் என்ற ஒரே கட்டளையில் அதுவும் தானாக ஆழமாகப் போகத் தொடங்கியது வேறு கதை.

ஆகஸ்டில் மறுபடி மதுரை. புதுப் பிடியோடு இறங்கி 13 டபுள் ஃபால்ட் போட்டாள். முதல் சுற்றிலேயே முடிந்தது. நான் அந்தப் போட்டிக்குப் போகவில்லை. கல்லூரியில் தேர்வுப் பணி. இரவு அத்தானின் தொலைபேசி. "இருந்ததும் போச்சே மாப்ளே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பிறகு அவள் வாங்கிப் பேசினாள்.

"மாமா, பழைய மாதிரியே போட்டிருந்தா ஜெயிச்சிருப்பேனா?"

"இன்னைக்கு ஜெயிச்சிருப்பட்டி."

"அப்ப?"

"பதினாறு வயசுக்காரிக எதுத்து நின்னா அந்தத் தள்ளு சர்வீஸ ஒவ்வொண்ணையும் உள்ள வந்து அடிப்பாளுக."

கொஞ்ச நேரம் மௌனம். "காலைல ஆறு மணிக்குக் கூடையோட வாரேன்" என்று வைத்துவிட்டாள். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லலாம். பெரியவர்களிடம் சொல்வதுதான் கடினம்.

நவம்பரில் கோயம்புத்தூர். டபுள் ஃபால்ட் ஐந்தாகக் குறைந்திருந்தது. ஆனால் அந்த நேர்கோட்டு ஃபோர்ஹேண்ட் பிழைகள் குறையவில்லை. கயிற்றுக்கு மேலே 30 பந்து அடிக்கத் தெரிந்தவள், ஆட்டத்தில் ஆறாவது ஏழாவது பந்திலேயே பாய்ந்து அடித்துத் தவறிக்கொண்டிருந்தாள். தெரியாமல் செய்கிற பிழைக்குப் பயிற்சி மருந்து. தெரிந்தும் செய்கிற பிழைக்கு என்ன செய்வது? ரயிலில் திரும்பும்போது அவள் நோட்டைக் கேட்டாள். இரவு விளக்கணைக்கும்வரை மேல் படுக்கையில் பென்சிலோடு இருந்தாள். காலையில் திருப்பித் தந்தபோது ஒவ்வொரு பக்கத்தின் வலது ஓரத்திலும் ஒரு கோடு இழுத்துப் புதுக் கட்டம் ஒன்றைச் சேர்த்திருந்தாள். தலைப்பு: 'ப'.

"ப-ன்னா?"

"பயம்."

நான் அந்த வரிகளைப் பார்த்தேன். அந்த ஆட்டத்தில் 12 நேர்கோட்டுப் பிழைகளைக் குறித்திருந்தேன். சிலவற்றுக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் 'துணிச்சல்' என்றும் ஒன்றில் 'தேவையற்ற வீரம்' என்றும் இருந்தது. பன்னிரண்டில் பத்துக்கு நேரே அவள் 'ப' போட்டிருந்தாள்.

"பந்து திரும்பித் திரும்பி வந்துக்கிட்டே இருக்கும்லா மாமா, அப்ப வயித்துக்குள்ள என்னமோ செய்யும். அடிச்சிட்டா அது நின்னுரும். உள்ள போனாலும் சரி, வெளிய போனாலும் சரி, நின்னுரும்."

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறார். அவற்றில் அச்சமும் பெருமிதமும் அடுத்தடுத்து வருகின்றன. இருபது ஆண்டுகளாக வகுப்பில் இதைச் சொல்லிவருகிறேன். மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடல்வழி வெளிப்படுவது, கண்ணும் செவியும் கூர்மையாக இருப்பவனுக்கு அது புலப்படும் என்று விளக்குவேன். ஆனால் இரண்டு வேறு மெய்ப்பாடுகளுக்கு ஒரே புறத்தோற்றம் இருந்தால்? பெருமிதத்தின் நிலைக்களன் நான்கில் ஒன்று தறுகண், அதாவது அஞ்சாமை. பேஸ்லைனுக்குப் பின்னாலிருந்து ஓரக் கோட்டைக் குறிபார்த்து முழு வீச்சில் அடிப்பது வேலிக்கு வெளியே நிற்பவன் கண்ணுக்குத் தறுகண்ணாகத்தான் தெரியும். அடித்தவளுக்குத்தான் தெரியும் அது தப்பி ஓடுவதற்கான வழி என்று. புறத்தே தறுகண்ணாகவும் அகத்தே அச்சமாகவும் இருக்கிற ஓர் அடி. எத்தனை பெரிய ஆட்டக்காரர்களின் 'அதிரடி'யைப் பற்றி விளையாட்டுப் பக்கங்களில் படித்திருக்கிறோம். அவற்றிலும் எத்தனை 'ப' இருந்திருக்குமோ என்று தோன்றியது.

அச்சம் பிறப்பதற்குத் தொல்காப்பியர் நான்கு காரணங்களைச் சொல்கிறார்: தெய்வம், விலங்கு, கள்வர், தமக்குத் தலைவர். டென்னிஸ் களத்தில் முதல் மூன்றும் இல்லை. நான்காவதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டேன்.

"அப்பா கம்பியப் புடிச்சிட்டு நிக்கும்போது ரொம்பத் தோணும் மாமா" என்றாள். உடனே, "அப்பாகிட்ட சொல்லிராதீங்க" என்றும்.

இந்த அச்சத்துக்கென்று புத்தகங்களில் வழிகள் இருக்கின்றன. டிமோத்தி கால்வே 1974-இல் வெளியிட்ட டென்னிஸ் நூலில் ஒரு பயிற்சி வருகிறது: பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஆட வேண்டும். மனம் அந்தச் சொற்களில் மாட்டிக்கொள்ளும். கை தன் வேலையைச் செய்யும். அவள் ஆங்கிலச் சொற்களை விட்டுவிட்டு 'விழு', 'எழு' என்று வைத்துக்கொண்டாள். (யாப்புப்படிப் பார்த்தாலும் குற்றமில்லாத எதுகை.) இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 25 நொடிவரை விதி அனுமதிக்கிறது. அவள் அதுவரை ஐந்தாறு நொடிகளில் அடுத்த சர்வீஸுக்கு நின்றுவிடுவாள். இப்போது பின்வேலிவரை நடந்துபோய், பந்தின் தையல்கோட்டைப் பார்த்துவிட்டு, திரும்பி வருகிறாள். களத்தில் எங்களால் செய்ய முடிந்தது இவ்வளவுதான். பயத்தை எடுத்துவிட முடியாது. எடுக்கத் தேவையும் இல்லை. பந்து பதினைந்தாவது முறை திரும்பி வரும்போது பயத்தோடேயே கயிற்றுக்கு மேலே கோணமாக அடித்துவிட முடிகிறதா என்பதே கேள்வி.

ஜனவரி 2025-இல் அத்தான் தன் கேள்வியை மறுபடி கேட்டார். இந்த முறை அவளையும் உட்கார வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். தேசிய அளவில் முதல் வரிசையில் ஆடும் இந்த வயதுப் பிள்ளைகள் நாளுக்கு நான்கைந்து மணி நேரம் களத்தில் இருக்கிறார்கள். பலர் பள்ளிக்கூடத்தையே தபால்வழி ஆக்கிக்கொண்டவர்கள். இவள் ஆடுவது ஒன்றரை மணி நேரம். அந்த வரிசைக்கு இவள் வருவாள் என்று நான் சொல்ல மாட்டேன். மாநில அளவில் இரண்டு மூன்று சுற்றுகள் ஆடலாம். கல்லூரிக்குப் போனால் பல்கலைக்கழக அணியில் இடம்பிடிக்கிற ஆட்டம் இவளிடம் இருக்கிறது. நோட்டு இது, எண்கள் இவை என்று எடுத்து வைத்தேன். ஜூனில் 9 டபுள் ஃபால்ட், இப்போது சராசரியாக 4. ராலி எட்டுப் பந்துகளைத் தாண்டினால் முன்பு தோற்பவள், இப்போது பாதிக்குப் பாதி வெல்கிறாள்.

அத்தான் எண்களை இரண்டு முறை பார்த்தார். அவர் கணக்குப்பிள்ளை வேலையில் இருப்பவர். கூட்டல் சரியா என்று பார்க்கிறாரோ என்று நினைத்தேன். பிறகு மகளைப் பார்த்து, "தேசிய அளவுக்கெல்லாம் போகமாட்டேன்னு மாமா சொல்லுதாவ. அப்புறமும் ஆடணுமாட்டி?" என்றார்.

"ஆமா."

"எதுக்கு?"

"பேக்ஹேண்ட் இப்பத்தாம்ப்பா வருது" என்றாள்.

அக்காள் சிரித்துவிட்டாள். அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நோட்டின் வலது ஓரக் கட்டத்தைக் காட்டினேன். 'ப' என்றால் என்ன என்று சொன்னேன். எப்போது அதிகம் வருகிறது என்பதை அவள் கேட்டுக்கொண்டபடி சொல்லவில்லை. ஆனால் அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, நான் மட்டும் போயிருந்த ஒரு திருநெல்வேலிப் போட்டியின் பக்கத்தில் நிறுத்தினார். அதில் மூன்றே 'ப'. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்குத் திரும்பி விரலால் எண்ணினார். கணக்குப்பிள்ளையிடம் இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

"அப்ப நான் வரக்கூடாதுன்னு சொல்லுதீங்களா மாப்ளே?"

"வாங்கத்தான். கையில ஒரு வேலைய வச்சிக்கிட்டு வாங்க" என்று நோட்டையும் பென்சிலையும் அவர் பக்கம் தள்ளினேன்.

இப்போது அவள் பத்தாம் வகுப்பு. 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடுகிறாள். தேர்வு முடியும்வரை வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, வெளியூரில் ஆண்டுக்கு மூன்று போட்டி என்று தகப்பனும் மகளும் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் தன்னைவிட ஒரு வயது மூத்த பெண்ணிடம் 4-6, 6-4, 4-6 என்று தோற்றாள். டபுள் ஃபால்ட் மூன்று. அத்தான் வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் அடிக்கோல் வைத்தது போல வரி எழுதுகிறார். அவர் குனிந்து எழுதி நிமிர்வதற்குள் அடுத்த சர்வீஸ் போய்விடுகிறது. வலது ஓரக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடுகிறார். அதை அவள் ரயிலில் நிரப்பிக்கொள்கிறாள்.